கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களை மீண்டும் வரவழைப்பது எப்படி? குன்னூர்க் கடைக்காரர் ஒருவருக்கு விரிவான பதில்

குன்னூரில் வர்க்கி (நீலகிரியின் மொறுமொறுப்பான பிஸ்கட் வகை), ஹோம்மேட் சாக்லேட், தேயிலை, நீலகிரித் தைலம் ஆகியவற்றை விற்கும் குடும்பக் கடையை நடத்தும் நீங்கள் கேட்டிருப்பது இது: இணையதளத்தில் பொருளைக் கார்ட்டில் போடுபவர்களில் பெரும்பாலோர் பணம் செலுத்தாமலேயே போய்விடுகிறார்கள், அவர்களுக்குத் தானாகவே நினைவூட்டல் அனுப்பித் தள்ளுபடிக் கூப்பனும் கொடுக்கும் செயலியை மாதச் சந்தாவுக்கு வாங்கும்படி ஒரு நிறுவனம் வற்புறுத்துகிறது, அதை வாங்கலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. போனவர்களைக் கூப்பிடுவதற்கு முன், அவர்கள் எதைப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். மலையிலிருந்து பொருள் அனுப்பும் கடைகளில் அது பெரும்பாலும் டெலிவரி கட்டணமாகவோ பொருள் வந்து சேரும் நாளாகவோ இருக்கிறது. இவ்விரண்டையும் கடைசிப் பக்கம் வரை சொல்லாமல் வைத்துக்கொண்டு எத்தனை நினைவூட்டல் அனுப்பினாலும், வாடிக்கையாளர் திரும்பி வந்து, அதே தொகையைப் பார்த்து, அதே இடத்திலிருந்து மறுபடியும் போய்விடுவார்.

எண்ணிக்கையைக் கண்டு அதிகம் கலங்க வேண்டாம். இணையக் கடைகளின் பயன்பாட்டை ஆராயும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம், பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கும் சராசரியே ஏறத்தாழ 70 சதவீதம். அதாவது உலகெங்கும் நிரம்பும் கார்ட்டுகளில் பத்துக்கு ஏழு பணம் செலுத்தப்படாமலே நின்றுபோகின்றன. அவற்றை நிரப்பியவர்களில் கணிசமானோர் கடைவீதியில் விலை கேட்டுவிட்டு நடப்பவர்களைப் போன்றவர்கள். அன்று வாங்கும் எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது. அவர்களை நீக்கிவிட்டு, வாங்கத்தான் வந்தோம் ஆனாலும் வாங்கவில்லை என்று சொன்னவர்களிடம் காரணம் கேட்டபோது, டெலிவரி, வரி முதலிய கூடுதல் செலவுகளே அந்நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில் தொடர்ந்து முதலிடம் பெறுகின்றன. கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது, தாமதமான டெலிவரி, தளத்தின் மீது நம்பிக்கையின்மை, நீண்ட படிவங்கள் ஆகியவை அதற்குப் பின்னால் வருகின்றன.

உங்கள் வாடிக்கையாளர் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய இணையக் கடைக்கு வருபவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். உங்கள் தளத்துக்கு வருபவரோ சீசனில் ஊட்டிக்கோ குன்னூருக்கோ வந்து, உங்கள் கடையிலேயே வர்க்கியைச் சுவைத்து, கையில் பை நிறைய வாங்கிப் போனவர். அவருக்குக் கடை மீது சந்தேகம் இல்லை; சுவையைப் பற்றியும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கடையில் கொடுத்த விலை அவருக்கு நினைவிருக்கிறது, அந்த விலையில் டெலிவரி கட்டணம் இல்லை. ஆகவே சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதே அரைக் கிலோ வர்க்கிக்குக் கூடுதலாக நூறு ரூபாய்க்கு மேல் கேட்கப்படும்போது, அது முழுக்க முழுக்க வீண்செலவாகவே அவருக்குத் தோன்றுகிறது. அதோடு, உங்கள் தளத்தில் டெலிவரி கட்டணத்தைத் தெரிந்துகொள்ள, பொருளைக் கார்ட்டில் போட்டு முகவரி முழுவதையும் நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே நீங்கள் ‘கைவிடப்பட்ட கார்ட்’ என்று எண்ணுகிறவற்றுள் கணிசமானவை டெலிவரிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்ட கேள்விகளே. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் என்னும் முன்பதிவு அனுமதி நடைமுறைக்கு வந்த பிறகு, சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று இணையத்துக்கு வந்த மலைக்கடைகள் பல. அவற்றில் நான் பார்த்த பெரும்பாலானவை இதே அமைப்பில்தான் தளத்தைக் கட்டியிருக்கின்றன.

டெலிவரி கட்டணம் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பதைக் கடைக்காரரே புரிந்துகொண்டால்தான் அதைக் குறைக்க முடியும். கூரியர் நிறுவனங்கள் பார்சலின் உண்மையான எடையையும் அதன் கொள்ளளவு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுத்தால் கொள்ளளவு எடை கிலோவில் கிடைக்கும். வர்க்கி நொறுங்காமல் இருக்க நீங்கள் பயன்படுத்தும் பெட்டி 30 × 25 × 20 அளவுடையது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 15,000, வகுத்தால் 3. உள்ளே இருப்பது அரைக் கிலோ வர்க்கியானாலும் 3 கிலோவுக்கான கட்டணத்தைத்தான் யாரோ கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் அரைக் கிலோ தேயிலைத்தூளை 20 × 15 × 8 பெட்டியில் அடக்கிவிடலாம். அதன் கொள்ளளவு எடை 0.48 கிலோ, அதாவது உண்மையான எடைக்கு ஏறத்தாழச் சமம். உங்கள் கடையிலேயே காற்றை ஏற்றுமதி செய்யும் பொருளும் இருக்கிறது, எடைக்கேற்ற இடத்தை மட்டும் பிடிக்கும் பொருளும் இருக்கிறது; தளமோ இரண்டுக்கும் ஒரே கட்டணத்தைக் காட்டுகிறது.

இதிலிருந்து இரண்டு வேலைகள் பிறக்கின்றன. முதலாவது, வர்க்கிக்கான பெட்டியை மாற்றுவது. உயரத்தில் 5 சென்டிமீட்டர் குறைத்தாலே மேற்சொன்ன பெட்டி 2.25 கிலோவுக்கு இறங்கிவிடும்; கூரியர் கட்டணம் அரைக் கிலோப் படிகளாக ஏறும் இடங்களில் அது ஒரு படி குறைவு. பெட்டிக்குள் வர்க்கி ஆடாமல் இறுக்கமாக அடுக்கினால் நொறுங்குவதும் குறையும், ஏனென்றால் மலைப்பாதையின் வளைவுகளில் வர்க்கியை உடைப்பது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடம்தான். இரண்டாவது, இலவச டெலிவரிக்கான வரம்பை வர்க்கிப் பெட்டியில் மீதமுள்ள இடத்தைக் கொண்டு தீர்மானிப்பது. கொள்ளளவுக்குத்தான் ஏற்கெனவே பணம் கட்டுகிறோம் என்னும்போது, அதே பெட்டியின் மூலையில் கால் கிலோத் தேயிலைப் பொட்டலம் ஒன்றைச் செருகுவதால் கூரியர் செலவு பெரும்பாலும் ஒரு பைசாகூட ஏறாது. ஆனால் அந்தத் தேயிலையில் உங்களுக்கு லாபம் இருக்கிறது. ஆகவே உங்கள் வழக்கமான ஆர்டர் ₹450க்கும் ₹550க்கும் இடையில் இருக்குமானால், ₹799க்கு மேல் டெலிவரி இலவசம் என்று வைத்து, “இன்னும் ஒரு தேயிலைப் பொட்டலம் சேர்த்தால் டெலிவரி கட்டணம் இல்லை” என்று கார்ட் பக்கத்திலேயே எழுதலாம். கூப்பனுக்குச் செலவழிக்கும் பணத்தை இதில் போடுவது மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாடிக்கையாளரும் தள்ளுபடி பெற்றவராக அன்றி, பொருள் பெற்றவராகத் திருப்தியடைகிறார்.

கட்டணத்தைக் குறைக்க முடிந்த அளவு குறைத்த பிறகு, மீதமிருப்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பொருளின் விலைக்குக் கீழேயே ஆறு இலக்கப் பின்கோடு கேட்டு, டெலிவரி கட்டணத்தையும் வந்து சேரும் நாளையும் காட்டும் வசதி இன்று பெரும்பாலான இணையக் கடை மென்பொருள்களில் கிடைக்கிறது. இதனால் கார்ட்டில் போடுபவர்களின் எண்ணிக்கை குறையும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. போட்டவர்களில் வாங்குபவர் விகிதம் உயரும். விலையின் சில பகுதிகளைக் கடைசிவரை மறைத்து வைப்பது வியாபாரத் தவறு மட்டுமன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் பதின்மூன்று வகை வடிவமைப்புத் தந்திரங்களைத் தடை செய்துள்ளன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளிப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கார்ட்டில் நுழைப்பதும் அவற்றுள் அடங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நினைவூட்டல்களைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

அடுத்தது நாள். குன்னூரில் மாலையில் கொடுத்த பார்சல் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் மையத்துக்குப் போய்த்தான் எங்கும் பிரிகிறது. கொடைக்கானல் கடைகளின் பார்சல் முதலில் வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். ஆகவே சமவெளிக் கடைகளைவிட ஒரு நாள் கூடுதலாகும் என்பதைக் கடைக்காரர்கள் அறிவார்கள், ஆனால் தளத்தில் ‘3 முதல் 7 வேலை நாள்கள்’ என்று யாரோ எழுதிக் கொடுத்த வாசகமே நிற்கிறது. சாக்லேட் வாங்க நினைப்பவருக்கு இந்த வாசகம் போதுமான பதில் ஆகாது. கோக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மே மாதச் சென்னையில் டெலிவரி வண்டிக்குள் இருக்கும் வெப்பம் அதற்கு மேல். தாவர எண்ணெய் சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் சற்றுத் தாங்கும் என்றாலும் பளபளப்பு போய்விடும். வாங்குபவர் இதை வெப்பவியலாக அறியாவிட்டாலும், “உருகி வந்துவிடுமோ” என்று நினைத்துத் தயங்குகிறார். கோடையில் சாக்லேட்டை வெள்ளி, சனிக்கிழமைகளில் அனுப்பாமல் திங்களன்று அனுப்புவோம் என்றும், ஞாயிற்றுக்கிழமை எங்கோ கிடங்கில் அது கிடக்காது என்றும், உருகி வந்தால் படம் அனுப்பினால் போதும், மாற்றுப் பெட்டி அனுப்புவோம் என்றும் அதே பக்கத்தில் மூன்று வரி எழுதினால் அந்தத் தயக்கம் பெருமளவு தீரும்.

நீலகிரித் தைலத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அது எளிதில் தீப்பற்றும் திரவ வகையைச் சேர்ந்தது என்பதால், விமானத்தில் அனுப்பச் சாதாரணப் பார்சல்போல ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், தரைவழியில்தான் போகும். எனவே டெல்லி வாடிக்கையாளர் ஒருவர் சாக்லேட்டோடு சேர்த்து ஒரு பாட்டில் தைலத்தைக் கார்ட்டில் போட்டால், முழு ஆர்டரின் தேதியும் பல நாள்கள் தள்ளிப்போகிறது. ஏன் திடீரென்று தேதி மாறியது என்று அவருக்குத் தெரியாது, அவர் போய்விடுகிறார். “தைலம் தரைவழியாகத் தனியே வரும், சாக்லேட் முன்னதாக வரும்” என்ற தேர்வைக் கொடுங்கள், அல்லது தொலைதூர மாநிலங்களுக்குத் தைலத்தைத் தனி ஆர்டராகவே வைத்துவிடுங்கள்.

பணம் செலுத்தும் கட்டத்துக்கு வந்து திரும்பியவர்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். இவர்கள் மனம் மாறியவர்கள் அல்லர், பெரும்பாலும் தடுக்கப்பட்டவர்கள். 2016இல் வந்த யு.பி.ஐ. வழியாகவே இன்று சிறு கடைகளின் இணைய விற்பனையில் பெரும்பகுதி நடக்கிறது. கைப்பேசியில் வாங்குபவருக்கு, ஒரு தொடுதலில் அவர் கைப்பேசியில் உள்ள பணச் செயலியை நேரடியாகத் திறக்கும் முறையை வையுங்கள், அதில் தவறுவோர் குறைவு. மடிக்கணினியில் வாங்குபவருக்குக் கியூ.ஆர். குறியீடு காட்டினால் போதும். அட்டையில் செலுத்துவோருக்கு ஓ.டி.பி. வராமல் போகலாம், அதை நீங்கள் சரிசெய்ய முடியாது, ஆனால் தோல்வியடைந்த பக்கத்திலேயே “வேறு வழியில் செலுத்துங்கள்” என்ற பொத்தானை வைக்க முடியும், கார்ட்டைக் காலி செய்து முதல் பக்கத்துக்கு அனுப்பிவிடும் தளங்கள் இன்னும் இருக்கின்றன என்பது வியப்புக்குரியது.

இங்கே பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ஆனால் உறுதிப்படுத்தும் செய்தி உங்கள் தளத்துக்கு வரவில்லை என்றால், தளம் அதைக் கைவிடப்பட்ட கார்ட் என்றே எண்ணும். ஒரு மணி நேரத்தில் “எதையோ மறந்துவிட்டீர்களே” என்று கொஞ்சலான நினைவூட்டல் போகும். பணத்தை இழந்த மனநிலையில் இருப்பவருக்கு அதைவிட எரிச்சலூட்டும் செய்தி வேறில்லை. மறுபடி அவர் உங்களிடம் வாங்க மாட்டார், பத்துப் பேரிடம் சொல்லவும் செய்வார். பணம் பெற்றுத் தரும் நிறுவனத்தின் தாமதமான உறுதிப்படுத்தல்கள் தளத்துக்குத் தானாக வந்து சேரும்படி வெப்ஹூக் அமைத்திருக்கிறார்களா என்று தளம் கட்டியவரிடம் இன்றே கேளுங்கள். பணம் எடுக்கப்பட்டு வணிகருக்கு உறுதி வராத யு.பி.ஐ. பரிவர்த்தனையில், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்திருக்கிறது. இந்த விவரத்தோடு நீங்களே முதலில் தொலைபேசியில் பேசினால், போகவிருந்த வாடிக்கையாளர் போகாமல் நிற்பார்.

படிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்குத் தொடங்காமலே வாங்க விடுங்கள். கைப்பேசி எண்ணை முதலில் கேளுங்கள். பின்கோடு கொடுத்ததும் ஊரும் மாநிலமும் தாமே நிரம்பட்டும். ‘அருகிலுள்ள அடையாளம்’ என்ற கட்டத்தை வையுங்கள், ஏனென்றால் நம் ஊர்களில் கதவு எண்ணைவிடப் பிள்ளையார் கோவிலே டெலிவரி பையனுக்கு வழி காட்டுகிறது. பெரிதாகத் தெரியும் கூப்பன் கட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். வெறும் கட்டத்தைப் பார்த்தவர் தன்னிடம் இல்லாத கூப்பனைத் தேடி வேறு தளங்களுக்குப் போகிறார். போனவர் எல்லோரும் திரும்புவதில்லை.

பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் வசதியைச் சேர்த்தால் கார்ட்டைக் கைவிடுவோர் குறைவார்கள் என்று அந்த நிறுவனம் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். குறைவார்கள், உண்மைதான். ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டு வாசலில் பார்சலை மறுப்பார்கள். போகும் கட்டணமும் திரும்பும் கட்டணமும் உங்கள் தலையில் விழும். இரண்டு முறை மலைப்பாதையைக் கடந்து வந்த வர்க்கியைத் தூளாகத்தான் திரும்பப் பெறுவீர்கள். தேயிலைக்கும் தைலத்துக்கும் மட்டும், தெரிந்த பின்கோடுகளுக்கு மட்டும், ₹100 முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். வர்க்கிக்கும் சாக்லேட்டுக்கும் வேண்டாம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் நினைவூட்டல். இதற்கும் செயலி தேவையில்லை. ஷாப்பிஃபை போன்ற இணையக் கடை மென்பொருள்களில், மின்னஞ்சல் முகவரி கொடுத்துவிட்டுப் பணம் செலுத்தாமல் போனவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதி உள்ளேயே இருக்கிறது. வூகாமர்ஸ் என்னும் மென்பொருளில் கட்டிய தளமானால், கூடுதல் வசதி தரும் செருகுநிரல் ஒன்று போதும். ஆனால் உங்கள் வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலைவிட வாட்ஸப்பைத்தான் பார்ப்பார்கள். நாளொன்றுக்கு ஐந்தாறு பேர் என்றால், இலவசமான வாட்ஸப் பிசினஸ் செயலியிலிருந்து கடையில் இருப்பவர் ஒருவர் கையால் அனுப்புவதே சிறந்தது. வந்த பதிலுக்கு மனிதர் பதில் சொல்வார் என்பதே சிறு கடையின் பலம். அதைத் தானியங்கிக்குக் கொடுத்துவிட்டால் பெரிய நிறுவனங்களிடமிருந்து உங்களைப் பிரித்துக்காட்ட எதுவும் மிஞ்சாது.

எழுத வேண்டியது அவரைத் தடுத்த கேள்விக்கான பதில். “உங்கள் கார்ட் காத்திருக்கிறது” என்பதில் பதில் எதுவும் இல்லை. நான் பரிந்துரைக்கும் செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: “வணக்கம். நீங்கள் தேர்ந்தெடுத்த அரைக் கிலோ வர்க்கியும் கால் கிலோத் தேயிலையும் உங்கள் கார்ட்டில் இருக்கின்றன. திருச்சிக்கு டெலிவரி கட்டணம் உட்பட மொத்தம் ₹540. இன்று மாலை 4 மணிக்குள் பணம் செலுத்தினால் இன்றைய வண்டியில் அனுப்பிவிடுவோம்; வியாழன் அல்லது வெள்ளிக்கிழமை வந்து சேரும். ஏதேனும் கேட்க வேண்டுமானால் இதே எண்ணுக்கு எழுதுங்கள். இனி இத்தகைய செய்தி வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதுங்கள்.” கீழே கார்ட்டுக்கான இணைப்பு. அந்த இணைப்பு வேறொரு கைப்பேசியில் திறந்தாலும் அதே பொருள்களோடு திறக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். கணவர் கார்ட்டில் போட்டு, மனைவி பணம் செலுத்தும் வீடுகள் பல. கேரளம், கர்நாடகத்திலிருந்து வருபவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் செய்தி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும், நினைவும் விருப்பமும் அப்போதுதான் சூடாக இருக்கும். இரவு பத்து மணிக்குக் கார்ட்டில் போட்டவருக்கு மட்டும் மறுநாள் காலை. பதில் இல்லையென்றால் மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொன்று. மூன்றாவது வேண்டாம். தொடர்ந்து நச்சரிப்பதும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும், மறுப்பவரைக் குற்றவுணர்வுக்கு உள்ளாக்குவதும் மேலே சொன்ன பதின்மூன்று தந்திரங்களில் அடங்கியவை. “இன்னும் 2 பெட்டிகளே உள்ளன” என்று எழுதினால் உண்மையிலேயே இரண்டுதான் இருக்க வேண்டும். மாலை 4 மணி என்று எழுதியது உங்கள் கூரியர் வண்டி உண்மையிலேயே அந்த நேரத்தில் கிளம்புவதாக இருந்தால் மட்டுமே.

அனுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸப்பின் விதிகளின்படி வாடிக்கையாளர் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பெரிய அளவில் அனுப்பும் முறைக்கு மாறும்போது கார்ட் நினைவூட்டல் விளம்பரச் செய்தியாக வகைப்படுத்தப்பட்டு ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு, ஆனால் வாடிக்கையாளர் பதில் எழுதிவிட்டால் அடுத்த 24 மணி நேரம் தடையின்றிப் பேசலாம். குறுஞ்செய்தி அனுப்ப விரும்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வடிவத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். உங்கள் அளவுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. கைப்பேசி எண் கேட்கும் கட்டத்தின் கீழ் “இந்த ஆர்டர் தொடர்பாக வாட்ஸப்பில் எழுதலாம்” என்று ஒரு தேர்வுக் கட்டம் வையுங்கள். பொருள் வாங்குவதற்கான ஒப்புதலாக முன்கூட்டியே குறியிட்ட கட்டத்தை 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் ஏற்பதில்லை; இதிலும் அதே முறைப்படி அது காலியாகவே இருக்கட்டும். பிறர் விற்கும் எண் பட்டியல்கள் பக்கமே போக வேண்டாம்.

கூப்பனை முதல் செய்தியில் கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ₹600 ஆர்டரில் உங்கள் லாபம் 30 சதவீதம் என்றால் ₹180. 10 சதவீதக் கூப்பன் ₹60, அதாவது லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதைவிட மோசமானது, கார்ட்டில் போட்டுவிட்டு விலகினால் கூப்பன் வரும் என்பதை உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் இரண்டே ஆர்டர்களில் கற்றுக்கொள்வார்கள். பிறகு முழு விலை கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் விலகத் தொடங்குவார்கள். சலுகை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டாம் செய்தியில், முதன்முறை வாங்குபவருக்கு மட்டும், டெலிவரி கட்டணத்தில் பாதியைக் குறையுங்கள். தயக்கம் எங்கே இருந்ததோ அங்கேயே சலுகை போய்ச் சேரும்; பொருளின் விலை மதிப்பு இறங்காது.

அந்தச் செயலி ‘மீட்டுத் தந்த விற்பனை’ என்று மாதக் கடைசியில் ஒரு தொகையைக் காட்டும். அதை அப்படியே நம்ப வேண்டாம். சம்பளம் வரட்டும் என்று காத்திருந்து எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவரும், தளத்தில் பார்த்துவிட்டுக் கடை எண்ணுக்குத் தொலைபேசியில் ஆர்டர் சொல்லி ஜிபேயில் பணம் அனுப்பியவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். பின்னவர் உங்கள் கடையில் நிறையப் பேர். எனவே தொலைபேசி ஆர்டர்களின் எண்களைத் தினமும் தளத்துப் பட்டியலோடு ஒப்பிட்டு நீக்குங்கள். நினைவூட்டலின் உண்மையான பலனை அறிய எளிய வழி இருக்கிறது: கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக உள்ளவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், ஒற்றைப்படைக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு மாதம் கழித்து இரு பிரிவினரிலும் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்த்தால், வித்தியாசம்தான் நினைவூட்டலின் பலன். அந்த வித்தியாசத்தில் கிடைத்த லாபம், விற்பனை அல்ல, லாபம், செயலியின் மாதச் சந்தாவைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் அப்போது வாங்குங்கள். மே மாதப் பழக் கண்காட்சி நேரத்து எண்ணிக்கையை ஜூலையோடு ஒப்பிட்டுச் செயலிக்குப் புகழோ பழியோ சேர்க்க வேண்டாம்.

பொருள் வாங்கப்போவதில்லை என்று பதில் எழுதியவர்களிடம், மனம் இருந்தால் காரணம் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டு, வந்ததைக் கடையில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். “தீபாவளிக்கு முன் வருமா தெரியவில்லை”, “ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு கூரியரா”, “சர்க்கரை இல்லாத வர்க்கி கிடைக்குமா” போன்ற வரிகள் நிரம்பும்போது, அடுத்து தளத்தில் எதை மாற்றுவது என்பதை எந்த மென்பொருளையும்விடத் தெளிவாக அந்த நோட்டு சொல்லிவிடும்.

செயலியைப் பிறகு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தானாகப் போகும் செய்திகள் அனைத்தையும் ஒரே பொத்தானில் நிறுத்தும் வழியைக் கடையில் குறைந்தது இருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால், கோத்தகிரி வழியாகச் சுற்றும் வண்டியில் உங்கள் பார்சல் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நாள்களில் “வியாழக்கிழமை வந்து சேரும்” என்ற வாசகம் தானாகப் போய்க்கொண்டிருக்கக் கூடாது. அதற்குப் பதிலாகத் தளத்தின் மேற்பகுதியில் சாலை நிலையை ஒரு வரியில் எழுதி, பணம் செலுத்தியவர்களுக்கு முதலில் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு, கார்ட்டில் நிற்பவர்களுக்குச் சாலை திறந்த பிறகு எழுதலாம்.